ஸ்பாத்ஸியோ: இடமா, வெற்றிடமா, வெளியா?

கட்டடக்கலைக் கல்லூரி எதற்குள்ளாவது நுழைந்து பத்து நிமிடம் நின்றால் போதும். 'ஸ்பேஸ்' என்ற சொல் காதில் விழாமல் திரும்ப முடியாது. "இந்த ஸ்பேஸ் ரொம்ப டைட்டா இருக்கு", "ஸ்பேஸ் நல்லா ஓடுது" என்று தமிழ் பேசும் மாணவர்களும் ஆசிரியர்களும் இயல்பாகச் சொல்வார்கள். அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தயங்கும். 'இடம்' என்று எழுதினால் மனைக்கட்டு விளம்பரம் போல் ஆகிவிடுகிறது. 'வெற்றிடம்' என்றால் இயற்பியல் பாடம். 'வெளி' என்றாலோ, வீட்டுக்கு உள்ளே இருப்பதை எப்படி வெளி என்பது என்று கேட்கிறார்கள். எனக்கு 'வெளி'தான் சரியென்று படுகிறது. ஏன் என்று சொல்ல, இந்தச் சொல்லைக் கட்டடக்கலையின் நடுவில் கொண்டுவந்து வைத்தவரிடம் போக வேண்டும்.

அவர் புரூனோ ஜெவி. 1918இல் ரோம் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முசோலினி அரசு 1938இல் இனச் சட்டங்களைக் கொண்டுவந்த பிறகு இத்தாலியை விட்டு வெளியேறி, லண்டன் வழியாக அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் கட்டடக்கலை படித்தார். அங்கே இருந்தபோதுதான் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் கட்டடங்கள் அவரை ஆட்கொண்டன. போர்க்காலத்திலேயே நாடு திரும்பி, 1945இல் 'ஆர்கானிக்' எனப்படும் உயிரோட்டக் கட்டடக்கலைக்காக வாதாடும் நூல் ஒன்றை வெளியிட்டார். 1948இல், முப்பது வயதில், அவருடைய மிகப் புகழ்பெற்ற சிறு நூல் வந்தது. தலைப்பு 'சபேர் வெதேரே லார்க்கிதெத்தூரா'. நேரே சொன்னால் 'கட்டடக்கலையைப் பார்க்கத் தெரிதல்'. நீந்தத் தெரியும், சமைக்கத் தெரியும் என்கிறோமே, அந்தத் 'தெரிதல்'. 1957இல் ஆங்கிலத்துக்குப் போனபோது தலைப்பே மாறி 'கட்டடக்கலை என்பது வெளி' என்ற பொருளைப் பெற்றது. மொழிபெயர்ப்பாக அது சரியில்லை. நூலின் சாரத்தை மட்டும் சரியாகப் பிடித்தது.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இத்தாலியச் சொல் 'ஸ்பாத்ஸியோ'. தாய்ச்சொல் லத்தீனின் 'ஸ்பாத்தியும்'. அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு 'ஸ்பேஸ்' வந்தது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு இடைத்தூரம், பந்தயத்தில் ஓடும் தடம், கால அளவு என்றெல்லாம் பொருள் உண்டு. காலியாகக் கிடக்கும் ஒன்றை மட்டும் அது குறித்ததில்லை. ஓடிக் கடக்கும் நீளத்தையும் கழிகிற பொழுதையும் சேர்த்தே குறித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் நல்ல கட்டடத்துக்குச் சொன்ன மூன்று பண்புகள் வலிமை, பயன், அழகு. வெளி அந்தப் பட்டியலில் இல்லை. 1893இல் ஜெர்மானியக் கலை வரலாற்றாசிரியர் ஆகஸ்ட் ஷ்மார்சோ, கட்டடக்கலை என்பது வெளியை உருவாக்கும் கலை என்று லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லும் ஆங்கிலத்தில் அறையைக் குறிக்கும் 'ரூம்' என்பதும் ஒரே குடும்பம். அறிஞர்கள் வட்டத்தில் இருந்த அந்தக் கருத்தைப் பொது வாசகர் கைக்குக் கொண்டுவந்தவர் ஜெவி. நூலின் இரண்டாம் அத்தியாயத் தலைப்பே வெளியை 'ப்ரொத்தகொனிஸ்தா' என்கிறது. கிரேக்க நாடகத்தில் முதல் நடிகனுக்கு இருந்த பெயர் அது. சுவர், தூண், கூரை எல்லாம் துணைப் பாத்திரங்கள். தலைப்பாத்திரம் அவற்றால் சூழப்பட்ட வெளி.

அவர் வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். ஓவியம் இரு பரிமாணத்தில் நிற்கிறது. சிற்பத்துக்கு மூன்று பரிமாணம், ஆனாலும் அதைப் புறத்தே நின்றுதான் பார்க்கிறோம். கட்டடமோ, உள்ளே குடையப்பட்டு மனிதன் நுழைந்து நடக்கக்கூடிய மாபெரும் சிற்பம் போன்றது. ஆகவே முகப்பின் படத்தைப் பார்த்து அழகு என்பவர் பெட்டியைப் பார்க்கிறார், உள்ளிருக்கும் நகையைப் பார்க்கவில்லை. இதைக் காட்ட ஜெவி எடுத்துக்கொண்டது புனித பேதுரு பேராலயத்துக்கு மைக்கலாஞ்சலோ வரைந்த தளப்படம். கட்டட வரைபடத்தில் சுவர்களைக் கறுப்பாக நிரப்புவது வழக்கம். கண் கறுப்பில் போய் நிற்கும். மக்கள் நடமாடப்போகும் பகுதி வெறும் காகிதமாக எஞ்சிவிடும். ஜெவி அந்தத் தளப்படத்தைப் பல விதமாக மாற்றி வரைந்தார். சுவரை விட்டுவிட்டு உள்ளே அடங்கிய வெளியை ஓர் உருவமாக நிரப்பிக் காட்டிய படமும் அவற்றில் ஒன்று. அதைப் பார்த்தபின் பழைய படத்தைப் பழைய கண்ணால் பார்க்க முடியாது. எத்தனையோ பக்க விளக்கம் செய்யாததை அந்தப் படம் செய்துவிடுகிறது.

எனக்கு இன்னும் பிடித்த எடுத்துக்காட்டு ரோமின் அவென்டைன் குன்றில் இருக்கும் சாந்தா சபினா தேவாலயம், ஐந்தாம் நூற்றாண்டினது. ரோமானியர்கள் வழக்குமன்றத்துக்கும் வாணிகத்துக்கும் கட்டிய பசிலிக்கா மண்டபங்களின் வார்ப்பில் எழுந்தது. டிராயன் பேரரசரின் பசிலிக்காவில் நாற்புறமும் தூண் வரிசை சுற்றிவரும், இரு முனையிலும் அரைவட்டக் குடைவு இருக்கும். உள்ளே போனவர் நடுவில் நின்று, ஒத்த இரு பாதிகளுக்கிடையே நிலைகொண்டுவிடுவார். கிறித்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு குடைவை எடுத்துவிட்டு வாசலைக் குறுகிய பக்கத்துக்கு மாற்றினார்கள். தூண் வரிசையை இரு ஓரங்களில் மட்டும் வைத்தார்கள். இப்போது வாசலில் கால் வைத்ததுமே பலிபீடம் நோக்கிய நடை தொடங்கிவிடுகிறது. தூணும் கூரையும் பழைய சரக்குதான், மாறியது வெளி. மனிதன் நடந்து போகும் வழியே கட்டடத்தின் அச்சானது. தூணின் தலைப்பு அலங்காரத்தை மட்டும் ஆராய்பவருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது.

உள்ளே அடங்கிய வெளியை வைத்துக் கட்டடத்தை அளக்கும் இந்த அளவுகோலின் கூர்மையே அதன் குறையும் ஆனது. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலை இதன்படி ஜெவி சிற்பத்தின் பக்கம் தள்ளினார், அதன் உள்வெளி வழிபடுவோருக்காக வடிக்கப்படவில்லை என்பதால். தூபியும் நீரூற்றும் பாலமும் அப்படியே. ஆனால் அவை சேர்ந்து தெருவையும் சதுக்கத்தையும் உருவாக்குகின்றன, அது நகரத்தின் வெளி என்று அவற்றுக்கு வேறொரு இடம் கொடுத்தார். பார்த்தினானைப் பற்றிய தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. குன்றின் மேல் ஒளியில் நின்று சுற்றிலும் உள்ள வெளியைத் தன்பால் இழுக்கும் கட்டடத்துக்கு வெளி என்பதே இல்லை என்றால் எப்படி? அடுத்த தலைமுறையின் இத்தாலியக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் மன்ஃப்ரெடோ தஃபூரி 1968இல் வேறு பக்கமிருந்து தாக்கினார். இன்றைய வடிவமைப்புக்கு ஆயுதம் தேடி வரலாற்றை வளைக்கும் 'செயல்நோக்கு விமர்சனம்' இது என்றார். 1955இல் ஜெவி தொடங்கிய மாத இதழ் அவர் இறந்த 2000க்குப் பிறகும் 2005 வரை வந்தது. அதையும் அவருடைய வார இதழ்ப் பத்திகளையும் பார்த்தால் தஃபூரி சொன்னதில் உண்மை இருப்பது தெரியும். ஆனாலும் இன்று மாணவர்கள் 'ஸ்பேஸ்' என்று சொல்லும்போது, தெரிந்தோ தெரியாமலோ, ஜெவி பரப்பிய பொருளில்தான் சொல்கிறார்கள்.

இனி தமிழ்ச் சொல். ஜெவியின் ஸ்பாத்ஸியோ சூழப்பட்டது, வடிவம் உள்ளது, நடந்து அனுபவிப்பது. 'வெற்றிடம்' ஒன்றும் இல்லாமையைச் சொல்கிறது. இத்தாலியனில் அதற்கு 'வுவோத்தோ' என்று தனிச் சொல் இருக்கிறது, அதற்கு வைத்துக்கொள்ளலாம். 'இடம்' பரந்த சொல்: ஊரும் இடம், நாற்காலியும் இடம், 'இடம் பொருள் ஏவல்' என்பதில் வருவதும் இடம். எல்லாவற்றையும் குறிப்பதால் இதைக் குறிப்பாகச் சுட்டாது. 'விசும்பு' ஐம்பூதங்களில் ஒன்றாகப் புறநானூற்றிலேயே இருக்கிறது, ஆனால் அது வானோடு ஒட்டிய சொல். வடமொழி 'ஆகாசம்' தத்துவத்தில் நெருங்கி வருகிறது. குடத்துக்குள் அடங்கியது கடாகாசம், அனைத்தையும் தழுவியது மகாகாசம் என்று வேதாந்தம் படித்தவர்கள் சொல்வார்கள். குடத்தின் சுவரையும் அது சூழ்ந்திருப்பதையும் பிரித்துப் பார்க்கும் அந்தப் பார்வை, ஜெவி தம் வாசகருக்குப் பழக்க நினைத்ததற்கு வெகு அருகில் இருக்கிறது. ஆனாலும் பேச்சில் ஆகாசம் என்றால் அண்ணாந்துதான் பார்ப்போம்.

'வெளி' என்பதை 'வெள்' என்ற வேரோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். வெள்ளை, வெளிச்சம், வெளிப்படை எல்லாம் அந்தக் கூட்டம். மறைப்பு இல்லாதது, ஒளி புகுவது என்ற பொருளிலிருந்து ஒரு கிளை 'புறத்தே' என்று போனது, மற்றொரு கிளை 'திறந்த பரப்பு' என்று போனது. வயல்வெளி, புல்வெளி, வெட்டவெளி என்பவை இரண்டாம் கிளை. விண்வெளியும் பொதுவெளியும், கணக்குப் பாடநூலில் வரும் கூறுவெளியும் அதே கிளையில் பின்னர் துளிர்த்தவை. திருமூலர் 'வெளியில் வெளிபோய் விரவியவாறும்' என்றபோது புறம் என்ற பொருள் அங்கே இல்லவே இல்லை.

ஆகவே ஜெவியின் 'ஸ்பாத்ஸியோ இந்தெர்னோ' என்பதற்கு 'உள்வெளி' என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. முதல் தடவை முரண்தொடை போலக் கேட்கும். உள்ளே இருந்தும் திறந்திருப்பது என்ற அவருடைய கருத்தை அந்த முரணே ஏந்திக்கொள்கிறது. முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவருக்கு இது முரணாகவே தோன்றாது. உள்ளே இருக்கும் வெளிதானே முற்றம்! 'அகவெளி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது மனத்தைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குவதால் கட்டடத்துக்கு உள்வெளியே தெளிவு. கட்டடத்துக்கு வெளியில் தெருவும் சதுக்கமுமாக இருப்பது நகர்வெளி. 'வெளி' தனியாக நிற்கும்போது 'புறம்' என்று மயங்கக்கூடிய வாக்கியங்களில் மட்டும் 'கட்டடவெளி' என்று எழுதலாம்.

லத்தீன் 'ஸ்பாத்தியும்' காலத்தையும் குறித்தது என்றேன். தமிழிலும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. இரண்டு தூணுக்கு நடுவிலும் இடைவெளி, இரண்டு கடிதத்துக்கு நடுவே பத்து நாளும் இடைவெளி. வெளியைக் கால்களால், பொழுது செலவழித்து அறிய வேண்டும் என்றவர் ஜெவி. 1973இல் புதிய கட்டடமொழிக்கு அவர் வகுத்த ஏழு மாறா விதிகளில் ஒன்று, காலத்தோடு பிணைந்த வெளி. அதைத் தமிழில் 'காலம் ஊடாடும் வெளி' என்று எழுதிப் பார்த்தேன். அடைப்புக்குள் ஆங்கிலம் போடத் தேவைப்படவில்லை.