நேட்டோ உச்சி மாநாட்டில் ஏன் வாக்கெடுப்பே நடப்பதில்லை?

ஐஸ்லாந்துக்குச் சொந்தமாக ராணுவம் கிடையாது. ஆனாலும் அது மறுத்தால், அமெரிக்கா விரும்பும் முடிவுகூட ராணுவக் கூட்டணியான நேட்டோவில் நிறைவேறாது. அங்கே கை தூக்குவதும் இல்லை, பெரும்பான்மை என்பதும் இல்லை. உறுப்பு நாடுகள் 32-ம் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போவது என்றால் எல்லோரும் 'சரி' என்று வாய்திறந்து சொல்வதல்ல, யாரும் 'கூடாது' என்று சொல்லாமல் இருப்பது. நேட்டோவின் பலமும் பலவீனமும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

தலைவர்கள் கூடுவது பெரும்பாலும் இரண்டு நாள்தான். அவர்கள் வெளியிடும் கூட்டறிக்கைக்கான பேரம் பல வாரம் முன்பே பிரஸ்ஸல்ஸ் தலைமையகத்தில் தொடங்கிவிடும். ஒவ்வொரு நாட்டுக்கும் அங்கே நிரந்தரத் தூதர் இருக்கிறார். வரைவை அவர்களும் அவர்களின் துணை அதிகாரிகளும் வரி வரியாக அலசி, சிக்கலான இடங்களைத் தத்தம் தலைநகருக்கு அனுப்பிக் கேட்கிறார்கள். ஓரளவு ஒத்துவந்ததும் வரைவு 'மௌன நடைமுறை'க்குப் போகிறது. இந்தத் தேதி, இந்த நேரம் என்று ஒரு கெடு. அதற்குள் எவரும் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் வரைவு ஏற்கப்பட்டதாகிவிடும். ஒரே ஒரு நாடு மௌனத்தைக் கலைத்தாலும் மறுபடி பேச்சுதான். உள்நாட்டு எதிர்ப்பால் வெளிப்படையாக ஆதரிக்க முடியாத அரசுக்கு இது பெரிய வசதி: வாய்திறக்காமல் இருந்தாலே போதும்.

இந்த ஏற்பாடு முறிந்த நாள் 2003 பிப்ரவரி 10. ஈராக் போர் வரும் என்ற நிலையில் துருக்கியின் பாதுகாப்புக்குத் திட்டமிட ஒரு வரைவு வந்தது. பிரான்ஸும் பெல்ஜியமும் மௌனத்தைக் கலைத்தன, ஜெர்மனி அவற்றோடு நின்றது. கடைசியில் விவகாரத்தை நேட்டோவின் பாதுகாப்புத் திட்டக் குழுவுக்கு மாற்றினார்கள். 1966-இல் ஒருங்கிணைந்த ராணுவக் கட்டமைப்பிலிருந்து விலகிய பிரான்ஸுக்கு அப்போது அந்தக் குழுவில் இடமில்லை. மற்ற இரண்டு நாடுகளும் இறங்கிவர, 16-ஆம் தேதி முடிவு கிடைத்தது.

முறிவைவிட ஆபத்தானது, முறியாமல் தப்பிக்க எழுதப்படும் வாக்கியம். 2008 ஏப்ரலில் புக்காரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனையும் ஜார்ஜியாவையும் சேர்க்கைக்கு முந்தைய படியான உறுப்பினர் தயாரிப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றார் அமெரிக்க அதிபர் புஷ். ஜெர்மனியின் மெர்க்கலும் பிரான்ஸின் சர்கோசியும் மறுத்தார்கள். சமரசமாக, அந்த நாடுகள் 'நேட்டோவின் உறுப்பினர்களாக ஆகும்' என்று எழுதினார்கள். எப்போது என்று ஒரு சொல்லும் இல்லை. மாஸ்கோவைச் சீண்ட அது போதுமானதாக இருந்தது, கீவைக் காக்கப் போதவில்லை. 2023 வில்னியஸ் அறிக்கை 90 பத்திகள் நீளம். அதிலும் 'உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டு நிபந்தனைகள் நிறைவேறும்போது' உக்ரைனுக்கு அழைப்பு என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதே புக்காரெஸ்ட்டில் மாசிடோனியாவின் சேர்க்கையைப் பெயர்த் தகராறு காரணமாகத் தடுத்தது கிரேக்கம்; தன் பகுதி ஒன்றுக்கும் அதே பெயர் என்பது அதன் வாதம். அறிக்கையில் அந்த நாட்டை 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்று குறித்தபோது, தான் அதை அதன் அரசியலமைப்புப் பெயரிலேயே அங்கீகரிப்பதாகத் துருக்கி ஓர் அடிக்குறிப்பு போட்டது. இப்படி ஒரு அடிக்குறிப்பு பல சமயம் மொத்த ஆவணத்தையும் காப்பாற்றிவிடும். அந்த நாடு தன் பெயரை வட மாசிடோனியா என்று மாற்றிக்கொண்ட பிறகு, 2020-இல்தான் உள்ளே வந்தது.

2025 ஹேக் மாநாட்டில் அறிக்கையை ஐந்தே பத்திகளில் முடித்தார்கள். வாக்கியம் குறைந்தால் சண்டைக்கான இடமும் குறையும். முக்கிய வாக்குறுதி, 2035-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம்: நேரடிப் பாதுகாப்புச் செலவுக்கு 3.5, உள்கட்டமைப்பு, இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு 1.5 வரை. தங்களுக்கு 2.1 சதவீதமே போதும் என்றது ஸ்பெயின். ஆனால் அறிக்கையைத் தடுக்கவில்லை. வரைவில் 'நாங்கள் உறுதியளிக்கிறோம்' என்று இருந்தது 'உறுப்பு நாடுகள் உறுதியளிக்கின்றன' என்று மாறியது. 'நாங்கள்' என்றால் எல்லோரும், 'உறுப்பு நாடுகள்' என்றால் அப்படிப் படிக்கத் தேவையில்லை; அந்த இடைவெளியில் ஸ்பெயின் நின்றுகொண்டது. செலவின் போக்கையும் பங்கீட்டையும் 2029-இல் மறுபடி எடுத்துப் பார்ப்பதாக அதே அறிக்கை சொல்கிறது.