தனி ஏறுதடம்: சொல் விளக்கம்

கம்பம்மெட்டு, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "ரேஞ்ச் ஃபுல்லா இருக்கு, போட்டோ மட்டும் போகமாட்டேங்குது." இதே ஆள் கீழே கம்பத்தில் இருந்தால் 'டவர்' என்று சொல்லியிருப்பார். மலை ஏறியதும் மலையாள வழக்கு ஒட்டிக்கொண்டு 'ரேஞ்ச்' ஆகிவிடுகிறது. டவர் என்றாலும் ரேஞ்ச் என்றாலும் கோபுரத்திலிருந்து போனுக்கு வந்து சேரும் சிக்னலைத்தான் சொல்கிறோம். திரை மூலையில் தெரியும் கோடுகளும் அதை வைத்துத்தான் ஏறி இறங்குகின்றன. போனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் வழியின் நிலைமை அந்தக் கோடுகளில் தெரியாது. ஆங்கிலத்தில் அந்த வழிக்கு அப்லிங்க் என்று பெயர். 3ஜி வலையமைப்பில் அந்த வழியே தரவை ஏற்றிய ஏற்பாடுதான் 'அப்லிங்க் டெடிகேட்டட் சேனல்'. தலைப்பில் உள்ள 'தனி ஏறுதடம்' அதற்கு நான் வைக்கும் தமிழ்ப் பெயர்.

அப்லிங்க் என்ற சொல் செயற்கைக்கோள் துறையிலிருந்து வந்தது. தரையிலிருந்து கோளுக்கு அனுப்புவது நிஜமாகவே மேல்நோக்கிப் போவதுதான். செல்போன்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மேட்டுத் தோட்டத்தில் நிற்கும் போன் பள்ளத்துக் கோபுரத்துக்கு அனுப்பினாலும் அது அப்லிங்க்தான். அமெரிக்காவின் சிடிஎம்ஏ என்ற செல்போன் முறையில் இதையே ரிவர்ஸ் லிங்க் என்றார்கள். தமிழில் மேலிணைப்பு என்று எழுதுகிறோம். எனக்கு அது போதவில்லை. போன் இணைப்பு, கரண்ட் இணைப்பு என்று சொல்லும்போது இணைப்பு என்பது இரண்டு முனையும் சேர்ந்த நிலை. அதில் போக்கின் திசை தெரிவதில்லை. ஏறுவரிசை, இறங்குவரிசை பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழகிய சொற்கள். அந்த வழியில் ஏறுவழி, இறங்குவழி என்றால் சொல்லிலேயே திசை வந்துவிடுகிறது.

இரண்டு வழியும் சமமில்லை. 3ஜி கோபுரம் சாதாரணமாக 20 வாட் அளவில் அனுப்பும். கையில் இருக்கும் போனோ எவ்வளவு முயன்றாலும் கால் வாட்டைத் தாண்டாது. மேட்டு விளிம்பில் நிற்கும் போனுக்குத் தூரத்துக் கோபுரம் நன்றாகக் கேட்கலாம். போன் சொல்லும் பதில் அங்கே போய்ச் சேரும்போது தேய்ந்துபோயிருக்கும். கோடு நிறைய இருந்தும் படம் போகாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது டெடிகேட்டட். லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்குத் தெய்வத்துக்கு என்று உரிமையாக்கிவிடுவது என்று பொருள். நம் ஊரில் நேர்ந்து விடுவது என்கிறோமே, அது. பொறியாளர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது 'ஒருவருக்கே உரியது' என்ற கருத்தை மட்டும்தான். இயந்திர மொழிபெயர்ப்பு இதை 'அர்ப்பணிக்கப்பட்ட சேனல்' என்று எழுதித் தள்ளுகிறது. அர்ப்பணிப்பு என்றால் இன்றைய தமிழில் ஓர் ஆசிரியரையோ செவிலியரையோ நினைப்போம். தொலைத்தொடர்பில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. 'தனி' போதும். நிலத்துக்குத் தனிப்பட்டா, கூட்டுப்பட்டா என்று பிரித்துச் சொல்கிறோம். டெடிகேட்டட், ஷேர்டு என்ற ஜோடிக்கும் தனி, கூட்டு என்பதே பொருந்துகிறது.

சேனல்தான் அதிகம் குழப்புவது. லத்தீன் கனாலிஸ் என்பதிலிருந்து சேனலும் கனாலும் ஆங்கிலத்துக்கு வந்தன. நாணலைக் குறிக்கும் கன்னா என்ற சொல் அதற்கும் மூலம். நீர் ஓடும் குழாய், வாய்க்கால் என்பதே பழைய பொருள். தொலைக்காட்சி வந்தபின் நாம் சேனலை 'அலைவரிசை' ஆக்கினோம். டிவிக்கு அது சரி. 3ஜிக்குக் கொண்டுவந்தால் பொருளே தப்பாகிவிடும். அங்கே ஒரு கோபுரத்தின் கீழ் உள்ள போன்கள் எல்லாம் ஒரே 5 மெகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில், ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. யாருக்கும் தனி அலை கிடையாது. ஒவ்வொரு போனும் தனக்குக் கொடுத்த குறியீட்டைத் தரவோடு கலந்து, விநாடிக்கு 38.4 லட்சம் துணுக்குகளாக விரித்து அனுப்பும். கோபுரம் அதே குறியீட்டை வைத்து அந்தப் போனின் பேச்சை மட்டும் பிரித்தெடுக்கும். இதற்குத் 'தடம்' நல்ல சொல். பேருந்தில் தடம் எண் என்று எழுதியிருப்பார்கள். சாலை எல்லோருக்கும் பொது, தடம் வேறு வேறு. ஆகவே அப்லிங்க் டெடிகேட்டட் சேனலை நான் 'தனி ஏறுதடம்' என்கிறேன். தரவை மட்டும் குறிக்க வேண்டுமானால் தனித் தரவு ஏறுதடம்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? போன் இரண்டு தடங்களைச் சேர்த்து அனுப்பும். ஒன்றில் தரவு. இன்னொன்றில் கட்டுப்பாட்டுச் செய்தி. கோபுரம் அதை அளந்து போனின் குரல் எவ்வளவு பலமாக வருகிறது என்று பார்க்கும். போன் அனுப்புவது 10 மில்லிவிநாடிக்கு ஒரு சட்டம் (ஃபிரேம்), அதற்குள் 15 நேரக்கூறுகள் என்று பிரிந்திருக்கும். கூறுக்கு ஒரு முறை 'கூட்டு' அல்லது 'குறை' என்று போனுக்குக் கட்டளை போகும். கணக்குப் போட்டால் விநாடிக்கு 1,500 கட்டளைகள். இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், கோபுரத்தடியில் நிற்கும் போன் தேவைக்கு மேல் பலமாக அனுப்பினால் தூரத்துத் தோட்டத்துப் போனின் சத்தம் அதில் மூழ்கிப்போகும். தடம் தனியாக இருந்தாலும் கோபுரம் தாங்கக்கூடிய மொத்த இரைச்சல் எல்லோருக்கும் பொதுச்சொத்து. ஏறுவழியில் பங்கிட வேண்டியது அந்த இரைச்சலைத்தான். குறியீட்டுக்கு அங்கே பஞ்சம் இல்லை.

முதல் 3ஜி ஏற்பாட்டில் எந்தப் போன் எவ்வளவு வேகத்தில் அனுப்பலாம் என்பதைக் கோபுரத்துக்குப் பின்னால் எங்கோ இருக்கும் கட்டுப்பாட்டு நிலையம் முடிவு செய்தது. அங்கே கேட்டுப் பதில் வருவதற்குள் நிலைமை மாறிவிடும். நடைமுறையில் 384 கிலோபிட்டே பெரிய வேகம். 3ஜி தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ஆறாம் வெளியீட்டில் வந்த 'என்ஹான்ஸ்டு டெடிகேட்டட் சேனல்', அதாவது மேம்பட்ட தனி ஏறுதடம், அந்த முடிவைக் கோபுரத்தின் கையிலேயே கொடுத்தது. தரவை 2 மில்லிவிநாடித் துண்டாக அனுப்பலாம். கெட்டுப்போன துண்டைக் கோபுரமே உடனே திரும்பக் கேட்கும். பழையதைத் தூக்கி எறியாமல் புதியதோடு சேர்த்துப் படித்துப் பார்க்கும். ஏறுவழி வேகம் உச்சத்தில் 5.76 மெகாபிட் ஆனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஹேப்பி பிட்' என்று பொறியாளர்கள் பெயர் வைத்த ஒற்றைப் பிட். ஒவ்வொரு துண்டோடும் போகும் 10 பிட் கட்டுப்பாட்டுச் செய்தியில் அதற்கு ஓர் இடம். கொடுத்த வேகம் போதும், அல்லது இன்னும் வேண்டும் என்று போன் அதில் சொல்லும். கோபுரம் அதைப் பார்த்து ஏற்றலாமா, இறக்கலாமா, அப்படியே விடலாமா என்று தீர்மானிக்கும். தமிழில் 'திருப்திப் பிட்' என்றால் நிறைவாக இருக்கும்.

இதற்கு முந்தைய வெளியீட்டில் இறங்குவழிக்கு வந்த வேகத் தடத்தின் பெயரில் 'ஷேர்டு' இருக்கிறது, ஏறுவழிக்கு மட்டும் 'டெடிகேட்டட்' நின்றுவிட்டது. காரணம் எளிது. இறங்கும்போது அனுப்புவது ஒரே கோபுரம். அதன் குறியீடும் மின்திறனும் எல்லாப் போனுக்கும் பங்கு. ஏறும்போது போனுக்குப் போன் சொந்தக் குறியீடு, சொந்த பேட்டரி. அது கூட்டுத்தடம், இது தனித்தடம்.

4ஜியில் ஏறுவழித் தரவும் கூட்டுத்தடத்துக்கே போய்விட்டது. அனுப்ப வேண்டியது எவ்வளவு கையில் இருக்கிறது என்று போன் சொல்லும். 180 கிலோஹெர்ட்ஸ் அகலக் கட்டங்களில் சிலவற்றை ஒரு மில்லிவிநாடிக்கு அதன் பேரில் கோபுரம் எழுதிக் கொடுக்கும். அடுத்த மில்லிவிநாடியில் அதே கட்டங்கள் வேறொருவருக்குப் போகலாம். டெடிகேட்டட் என்ற சொல் மட்டும் வேறு இடத்தில் உயிரோடு இருக்கிறது. வோல்ட்டி அழைப்பு, அதாவது 4ஜி வழியே போகும் குரல் அழைப்பு, வந்ததும் குரலுக்கென்று வலையமைப்பு திறந்து, அழைப்பு முடிந்ததும் மூடிவிடும் ஏற்பாட்டுக்கு 'டெடிகேட்டட் பேரர்' என்று பெயர். அதையும் அர்ப்பணிக்க வேண்டாம். தனித் தாங்கி என்று எழுதலாம்.