பேஸ்மேக்கர்: இதயமுடுக்கி என்பது சரியான சொல்தானா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவரை நெஞ்சுக் கோளாறு என்று மதுரைக்கு அழைத்துப் போய்த் திரும்பியிருந்தால், விசாரிக்க வருபவர்களுக்குக் கிடைக்கும் பதில் இப்படித்தான் இருக்கும்: "அப்பச்சிக்கு பேட்டரி வச்சிருக்கு." அந்த வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் பேஸ்மேக்கர் என்பார்கள். செய்தித்தாளில் இதயமுடுக்கி என்று வரும். மூன்றும் ஒரே கருவிதான்: இதயத் துடிப்பு தாமதமானால் மின்தூண்டல் கொடுக்க உடலுக்குள் வைப்பது. ஆனால் மூன்று பெயரும் மூன்று விதமான எண்ணத்தை மனதில் ஏற்றுகின்றன. "முடுக்கினா இனிமே நெஞ்சு வேகமா அடிக்குமா?" என்று வீட்டார் பயப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நியாயமான பயம்தான். அதனால் சொல்லின் வேரிலிருந்தே பார்த்துவிடலாம்.

'பேஸ்' என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக லத்தீன் 'பாசுஸ்' என்பதிலிருந்து வந்தது. பொருள் காலடி, எட்டு வைத்தல். பிறகு நடை, நடையின் வேகம் என்று விரிந்தது. 'பேஸ்மேக்கர்' பிறந்த இடம் மருத்துவமனை அல்ல, பந்தயத் திடல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குதிரை, சைக்கிள், ஓட்டப் பந்தயங்களில் முன்னால் ஓடி, மற்றவர்களுக்கு வேகத்தை வகுத்துக் கொடுப்பவருக்கு அந்தப் பெயர். 1954இல் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடியபோது அவருக்கு முன்னால் முறை வைத்து ஓடிய பிராஷரும் சாட்டவேயும் இந்த வேலையைத்தான் செய்தார்கள். பேஸ்மேக்கர் வேகத்தைக் கூட்டவும் செய்யலாம், அடக்கவும் செய்யலாம். ஓட்டம் ஒரு அளவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இதயத்துக்கு இந்தச் சொல் வந்ததற்குக் காரணம் ஒரு சின்னத் தசை முடிச்சு. 1906 கோடையில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஆர்தர் கீத் என்ற உடற்கூற்றியல் அறிஞரின் பண்ணை வீட்டில், மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் அகழெலி ஒன்றின் இதயத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். வலது மேலறையில், பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தருகே, மற்றத் தசையிலிருந்து வேறுபட்ட ஒரு திட்டு தெரிந்தது. கீத் அப்போது மனைவியோடு சைக்கிளில் வெளியே போயிருந்தார், திரும்பி வந்ததும் மாணவர் காட்டினார். 1907இல் இருவரும் அதை வெளியிட்டார்கள். இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் அங்கிருந்து கிளம்பும் மின்தூண்டலால்தான் வருகிறது என்று அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது. துடிப்புக்கு நடை வகுக்கும் அந்தத் திட்டுக்கு 'பேஸ்மேக்கர்' என்ற பெயர் பொருந்தியது. ஆக மருத்துவத்தில் இந்தப் பெயரை முதலில் தாங்கியது கருவி அல்ல, நம் எல்லோருக்குள்ளும் இருக்கும் உறுப்புப் பகுதி. 1932இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஹைமன், கைப்பிடியைச் சுற்றி இயக்கும் ஒரு மின்கருவியைச் செய்தபோதுதான் 'செயற்கை' என்ற அடையைச் சேர்த்து அதே பெயரை வைத்தார். பின்னாளில் அடை உதிர்ந்து, பெயர் கருவியோடு ஒட்டிக்கொண்டது.

நாடித் துடிப்பை 'நடை' என்று சொல்வது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் வாத நாடி அன்னம், கோழி, மயில் போல நடக்கும், பித்தம் ஆமை, அட்டை போல நடக்கும், கபம் தவளை, பாம்பு போல என்று பாட்டே உண்டு. ஆங்கிலம் பந்தயத் திடலிலிருந்து கடன் வாங்கிய உருவகம் தமிழில் கையில் தயாராகவே இருந்தது. இருந்தும் 'நடை'யை வைத்துச் சொல் எழாமல் 'முடுக்கு' வந்து அமர்ந்துவிட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, கருவிக்கு வருவோம். உடலுக்குள் முழுவதுமாகப் பொருத்திய முதல் கருவி 1958 அக்டோபர் 8இல், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில். ரூனே எல்ம்குவிஸ்ட் கருவியைச் செய்தார், அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் பொருத்தினார். நோயாளி ஆர்னே லார்சனுக்கு வயது 43. அந்த முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, 2001 வரை வாழ்ந்து 86 வயதில் வேறு நோயால் இறந்தார்.

அமெரிக்காவில் அதே காலத்தில் வில்சன் கிரேட்பேட்ச். அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது. போர்க்காலத்தில் கடற்படையில் ரேடியோ வேலை பார்த்துவிட்டு, பிறகு பொறியியல் படித்தவர். இதய ஒலியைப் பதிவு செய்யும் ஒரு சுற்றை அமைக்கும்போது, தவறான அளவுள்ள மின்தடையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்திவிட்டார். சுற்று ஒரு துடிப்பு விட்டது, ஒரு நொடி ஓய்ந்தது, மறுபடி துடித்தது. இது இதயத்தை ஓட்டும் என்று அவருக்கு அப்போதே பிடிபட்டது. வேலையை விட்டார். சேமிப்பில் இருந்த 2,000 டாலரை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஐம்பது கருவிகள் செய்தார். சார்டாக் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து 1960 முதல் மனிதர்களுக்குப் பொருத்தினார்கள்.

கருவி வேலை செய்தது, மின்கலம்தான் காலை வாரியது. அன்றைய பாதரச மின்கலம் இரண்டு ஆண்டு ஓடினாலே அதிகம். அது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் என்பதால் கருவியைக் காற்றுப் புகாமல் மூடவும் முடியவில்லை, உடலின் ஈரம் உள்ளே புகுந்தது. அணுப் பொருளில் இயங்கும் மின்கலம் வரை முயன்று பார்த்துவிட்டு, கிரேட்பேட்ச் லித்தியம்-அயோடின் மின்கலத்தைக் கையில் எடுத்தார். அதில் வாயு எழாது. லித்தியமும் அயோடினும் சேர்ந்து உண்டாகும் திடப்பொருளே இரண்டுக்கும் நடுவில் தடுப்பாகவும் அமைந்துவிடும். உலோக உறையை அடைத்துப் பற்றவைத்துவிடலாம். 1972 முதல் இது மனிதர்களுக்குள் போனது. இன்று ஒரு கருவி ஏறத்தாழ எட்டு, பத்து ஆண்டுகள் ஓடுகிறதென்றால் அடித்தளம் அந்த மாற்றம். 2011இல் 92 வயதில் இறக்கும்வரை அவர் ஆய்வை விடவில்லை.

மின்கலத்தின் வேதியியல் காரைக்குடிக்கு அந்நியமான சங்கதி அல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம், நம் பேச்சில் 'சிக்ரி', ஊருக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஊரில் 'பேட்டரி வச்சிருக்கு' என்று சொல்வதை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது பேட்டரிதான். அப்புறம், அந்தப் பேச்சு வழக்கு ஒரு முக்கியமான செய்தியையும் நினைவில் வைக்கிறது: கருவி உள்ளவர் இறந்தால், தகனத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். தீயில் மின்கலம் வெடிக்கும்.

இப்போது 'முடுக்கி'. இயற்பியல் பாடத்தில் முடுக்கம் என்றால் வேகம் கூடிக்கொண்டே போவது. பணிகளை முடுக்கிவிட்டார் என்று செய்தியில் படிக்கிறோம், அங்கும் வேகம்தான். இந்தப் பொருளை வைத்துப் பார்த்தால் இதயமுடுக்கி தவறான சொல். கருவி இதயத்தை விரட்டுவதில்லை. இதயம் தானாகத் துடிக்கும்வரை அது கவனித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. நிமிடத்துக்கு 60 என்று மருத்துவர் வரம்பு வைத்திருந்தால், அந்த இடைவெளிக்குள் இதயம் தானாகத் துடித்துவிட்டால் கருவி பேசாது. தாமதமானால் மட்டும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் மெல்லிய மின்தூண்டலைக் கொடுக்கும்.

ஆனால் முடுக்குதலுக்குப் பழைய பொருள் வேறு. உந்துதல், தூண்டிச் செலுத்துதல். வண்டிமாடு தானாக நடக்கும்வரை வண்டிக்காரர் சும்மா இருப்பார், தயங்கி நிற்கும்போது மட்டும் வாலைத் தொட்டு முடுக்குவார். கருவி செய்வது அச்சு அசலாக அதுதான். ஆகவே என் தீர்ப்பு: இதயமுடுக்கி நிற்கட்டும். ஆனால் வீட்டாருக்கு விளக்கும்போது 'வேகப்படுத்தும் கருவி' என்று பிரித்துச் சொல்லாமல், 'துடிப்பு தாமதமானால் தூண்டிவிடும் கருவி' என்று சொல்ல வேண்டும். கீத்தும் ஃபிளாக்கும் கண்ட இயற்கைத் திட்டுக்கு அதே பெயரை வைக்காமல் 'நடைமுடிச்சு' என்று வைத்தால் குழப்பமும் தீரும், நம் 'நடை'யும் திரும்பக் கிடைக்கும். இது என் யோசனை, அகராதியில் தேட வேண்டாம்.

சிலர் 'இதயச் சீராக்கி' என்று எழுதுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. கேட்டவுடன் ஐசிடி என்ற இன்னொரு கருவியோடு குழம்பும். கீழறைகள் தாறுமாறாக நடுங்கும்போது அதிர்ச்சி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவருவது அது. போலந்தில் பிறந்த மிஷெல் மிரோவ்ஸ்கி, தன் மதிப்புக்குரிய மூத்த மருத்துவர் 1966இல் இப்படித் திடீரென்று இறந்ததைப் பார்த்து, பலர் முடியாது என்று சொன்ன அந்தக் கருவிக்காகப் போராடினார். 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சீராக்குவது என்ற வினை இதற்குத்தான் பொருந்தும். பெரும்பாலான ஐசிடிகள் இதயமுடுக்கியின் வேலையையும் சேர்த்துச் செய்யும், சாதாரண இதயமுடுக்கி அதிர்ச்சி கொடுக்காது. இரண்டும் ஒன்று என்று நினைத்து மருத்துவரிடம் மாற்றிச் சொன்னால் ஆபத்து.

துறை நகர்ந்துகொண்டே இருக்கிறது. கருவியை இதயத்தோடு இணைக்கும் கம்பி இல்லாமல் இதயத்துக்குள்ளேயே வைக்கும், இரண்டு கிராம் எடையுள்ள கருவி வந்துவிட்டது. இதயத்தின் இயல்பான மின்பாதையையே தூண்டும் முறையில் அமெரிக்காவில் புகழேந்தி விஜயராமன் போன்றவர்களின் ஆய்வுகள் பேசப்படுகின்றன, மதுரையிலிருந்தும் கட்டுரைகள் உலக இதழ்களில் வருகின்றன. கருவியால் துடிப்பைத் தூண்டுவதைக் குறிக்கும் 'பேசிங்' என்ற ஆங்கில வினைப்பெயருக்கு அங்கெல்லாம் 'துடிப்பூட்டல்' என்று எழுதலாம். முடுக்கல் என்பதைவிட அது தெளிவு.

கருவி வைத்தவர்களுக்கு மருத்துவமனை ஒரு அட்டை கொடுக்கும், எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அதன் பின்பக்கம் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கருவி இதயமுடுக்கியா ஐசிடியா, கம்பி எத்தனை, மேலறையிலா கீழறையிலா, பொருத்திய ஆண்டு எது, அடுத்த பரிசோதனை எப்போது.