மறுபடர்க்கை: அரப்பஹோ இலக்கணத்தில் ‘4’ என்பது யார்?

அரப்பஹோ மொழியின் இலக்கணத்தைப் புரட்டினால் வினைச்சொற்களுக்குக் கீழே 3/4, 4/3 என்று எண்கள் நிற்கும். முக்கால் என்று படித்துவிட வேண்டாம். 1 தன்மை, 2 முன்னிலை, 3 படர்க்கை. சரி, அந்த 4 எங்கிருந்து வந்தது? மூவிடம் என்றே படித்து வளர்ந்த நமக்கு இங்கேதான் இடறுகிறது. அதன் பெயர் ஆப்வியேட்டிவ்.

‘கண்ணனை முருகன் பார்த்தான், அவன் சிரித்தான்.’ சிரித்தது யார்? சொன்னவரைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவின் வயோமிங்கிலும் ஓக்லஹோமாவிலும் வாழும் அரப்பஹோ மக்களின் மொழி இதை வேறு விதமாகக் கையாள்கிறது. பேச்சு யாரைச் சுற்றிப் போகிறதோ அவர் 3. கூட வரும் இன்னொருவர் 4. வினையின் ஈறே இருவரையும் பிரித்துக் காட்டிவிடும். 3 பார்க்க, 4 பார்க்கப்பட்டால் வினை ‘-ஓட்’ என்று முடியும். 4 பார்த்தால் ‘-எய்ட்’.

இதை எழுவாய், செயப்படுபொருள் என்று எண்ணிக்கொண்டால் எல்லாம் குழம்பிவிடும். 4 அடித்து 3 அடி வாங்கினாலும் 3 தன் இடத்திலேயே இருக்கும்; பேச்சு இன்னும் அவரைப் பற்றியதுதான். ‘அவனுடைய அம்மா’ என்றால் அவன் 3, அம்மா 4. பெற்றவளே ஆனாலும் இங்கே அவள் இரண்டாவதுதான். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது.

அரப்பஹோ அல்கான்கியன் குடும்பத்து மொழி. அந்தக் குடும்பத்தின் இன்னொரு மொழியை ஆராய்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ழான்-ஆந்த்ரே குவோக் 1866-இல் இந்தக் கலைச்சொல்லை எழுத்தில் கொண்டுவந்தார். வேர் லத்தீன்: ‘ஓப்’ என்றால் எதிரே, ‘வியா’ என்றால் வழி. வழியில் எதிர்ப்படுவது, வருவதை முன்பே தடுப்பது என்ற இரண்டு பொருளும் அந்த வேரில் உண்டு.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘நான்காமிடம்’ எண்ணுக்குப் பொருந்துகிறது. ஆனால் இது படர்க்கைக்கு வெளியே உள்ள புது இடம் அல்ல, படர்க்கைக்குள்ளேயே விழுந்த பிரிவு. ‘சேய்மைப் படர்க்கை’ என்றால் இவன், அவன் என்ற தொலைவுதான் நினைவுக்கு வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் 4 ஆகலாமே. அதனால் ‘மறுபடர்க்கை’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மறுகரை, மறுபக்கம் என்பதில் உள்ள அதே ‘மறு’. அதன் இணையை ‘முதற்படர்க்கை’ எனலாம். பழந்தமிழில் ‘படர்’ என்பதற்குச் செல்லுதல் என்ற பொருளும் இருப்பதால், லத்தீனின் ‘வழி’யும் அதிகத் தொலைவில் இல்லை.

அப்புறம் 3/4 என்பதை இப்படிப் படிக்கலாம்: செய்பவர் முதற்படர்க்கை, செயலை ஏற்பவர் மறுபடர்க்கை. 4/3 என்றால் மறுதலை.