காலை எட்டு மணிக்குக் கொடுத்த சிரப்

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஓ.பி. முடிகிற நேரம், பக்கத்துத் தெரு கிரெச்சிலிருந்து (குழந்தைகள் காப்பகம்) ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேர் ஓடி வந்தார்கள். பதினான்கு மாதப் பையன். வலிப்பு வழியிலேயே நின்றுவிட்டது. உடம்பு மட்டும் கொதித்தது, தெர்மாமீட்டரில் 103. மூடியிருந்த கையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பீரோ சாவி. ஆயாம்மா வைத்தது. நாற்பது வருடமாகக் குழந்தை வளர்க்கிற கை அது, அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சாவியால் வலிப்பு நிற்காது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் ஸ்பூன், தண்ணீர், விரல் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

"காலையில நல்லாத்தான் டாக்டர் இருந்தான்" என்றார் கிரெச் மிஸ்.

அம்மா வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அழுது முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார். விடியற்காலை நாலு மணிக்கே உடம்பு சுட்டிருக்கிறது. எட்டு மணிக்கு பாராசிட்டமால் சிரப் கொடுத்து, ஒன்பது மணிக்கு ஜில்லென்று இருந்த குழந்தையைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். போன மாதம்தான் அவனுக்கு பேதி என்று நாலு நாள் லீவு போட்டாராம், இன்னொரு லீவு கேட்க பயம்.

பாராசிட்டமால் நாலு மணி நேரம், மிஞ்சினால் ஆறு மணி நேரம் பேசும். அதனால்தான் கிரெச்சிலிருந்து பெற்றோருக்குப் போகும் போன்களில் பாதி பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் போகிறது. இது எங்களுக்கும் தெரியும், மிஸ்களுக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு வந்தது அந்த சிரப்பினால் அல்ல. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும், பெரும்பாலும் ஒரு தழும்பும் இல்லாமல் சரியாகிவிடும். வீட்டிலேயே வைத்திருந்தாலும் அவனுக்கு வந்திருக்கலாம். என்னை உறைய வைத்தது வேறு. உடம்பு சூடாக இருக்கிறதே என்று மிஸ் அலமாரியில் இருந்த பாராசிட்டமால் பாட்டிலை எடுத்து ஐந்து மில்லி கொடுக்கப் போயிருக்கிறார், அதற்குள் வலிப்பு வந்துவிட்டது. அது சிரப் அல்ல, டிராப்ஸ். டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்குத்தான் 120 அல்லது 125, இன்னொரு வகையில் ஐந்து மில்லிக்கு 250. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் போதும், அதாவது டிராப்ஸ் என்றால் ஒன்றரை மில்லி. ஐந்து மில்லி டிராப்ஸ் கொடுத்திருந்தால் 500, அதுவும் காலையில் கொடுத்தது போக. காலையில் கொடுத்ததுதான் அவருக்குத் தெரியாதே.

அந்த அம்மாவைக் குறை சொல்வது சுலபம். 2017இல் வந்த சட்டத் திருத்தம் பிரசவ விடுப்பை 26 வாரமாக்கியது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கிரெச் வேண்டும் என்றது, தாய் ஒரு நாளைக்கு நாலு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றது. நல்ல சட்டம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு திங்கட்கிழமை காலை காய்ச்சல் அடித்தால் யார் வீட்டில் இருப்பது என்று அதில் இல்லை. (அப்பாவும் லீவு போடலாமே என்று நான் கேட்கும்போதெல்லாம் அப்பாக்கள் மொபைலைப் பார்க்கிறார்கள்.)

சரி, எதற்கெல்லாம் வீட்டில் வைத்திருக்க வேண்டும்? இதில் பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். வெறும் சளி, மூக்கொழுகல், அது பச்சையாகவே வந்தாலும், குழந்தை ஓடி விளையாடிச் சாப்பிட்டால் கிரெச்சுக்கு அனுப்பலாம். கிரெச் சேர்ந்த முதல் வருடத்தில் எட்டு, பத்து தடவை சளி பிடிப்பது சகஜம், அத்தனைக்கும் வீட்டில் இருந்தால் வேலையே போய்விடும். காய்ச்சல் என்றால் மருந்து இல்லாமல் ஒரு முழு நாள் சூடு இல்லாதிருக்க வேண்டும். வாந்தி, பேதி நின்று ஒரு நாள் போக வேண்டும், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. அம்மை போட்டால் எல்லாக் கொப்புளமும் பக்கு கட்டும் வரை.

தக்காளிக் காய்ச்சல் என்று பேப்பரில் பெரிதாக வந்ததே, கை, கால், வாயில் கொப்புளம் போடுவது, அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும், வாய்ப்புண்ணால் தண்ணீர் கூட இறங்காமல் குழந்தை வாடிப்போவதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு மாதம் கழித்து நகம் கழன்று வந்தால் அலற வேண்டாம், அதுவும் இந்த நோயின் வாலில் வருவதுதான், புது நகம் முளைக்கும். ஆனால் புண் ஆறிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் அந்த வைரஸ் போகும், அவ்வளவு நாள் யாரும் லீவு போட முடியாது. அதனால் வேலை டயப்பர் மாற்றுகிற கையில் இருக்கிறது. வாசலில் சானிடைசர் பாட்டில் மாட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் கிரெச்கள் உண்டு. இந்த வைரஸுக்கும், வாந்தி பேதி கொண்டுவரும் பல வைரஸ்களுக்கும் சானிடைசர் அவ்வளவாக மசியாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும்.

பெற்றோர் மட்டுமா மறைக்கிறார்கள்? கிரெச்சும் மறைக்கிறது. இரவு பத்து மணிக்கு ஒரு குழந்தை வாந்தியோடு வரும், மூன்றாவது வாந்தி, தூங்கி வழிகிறது, தலையில் காதுக்கு மேலே மெத்தென்று ஒரு வீக்கம். எப்போது விழுந்தான்? அம்மாவுக்குத் தெரியாது. மிஸ்ஸுக்கு போன் போட்டு, முதலில் ஒன்றுமில்லை என்று, பிறகு லேசாக, பிறகு மேசையிலிருந்து என்று வரும். மதியமே சொல்லியிருந்தால் அந்த அம்மா சாயங்காலம் முழுக்கக் கண்ணை எடுக்காமல் பார்த்திருப்பார். அந்த மிஸ் கெட்டவர் அல்ல. பத்து குழந்தைக்கு ஒரு ஆள், சொன்னால் குழந்தையை நிறுத்திவிடுவார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள். அங்கே லீவு பயம், இங்கே வேலை பயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்த கிரெச்சுக்கு மாதம் ஒரு முறை போகிறேன். போனதும் பொம்மை அறையைப் பார்ப்பதில்லை, நேராக பாத்ரூம். நிரம்பிய பக்கெட் இருந்தால் கவிழ்த்துவிட்டுத்தான் மறு பேச்சு. நடை பழகும் குழந்தைக்குத் தலைதான் கனம், எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது, சத்தமும் வராது. அப்புறம் தூங்குகிற இடம்: ஒரு வயதுக்குள் உள்ளவை மல்லாந்து, சமமான படுக்கையில், தலையணை இல்லாமல். கடுகுத் தலையணை கொடுத்தனுப்பிய பாட்டியிடம் நான் தோற்றதும் உண்டு. அப்புறம் டிஃபன் பாக்ஸ். கடலை மிட்டாய் சத்துதான், ஆனால் நாலு வயதுக்குள் முழுக் கடலை மூச்சுக்குழாய்க்குள் போய், மயக்கம் கொடுத்து உள்ளே குழாய் விட்டு எடுத்த குழந்தைகளை அனுப்பி வைத்தவன் நான். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். கண் படக்கூடாது என்று சட்டையில் குத்தும் ஊக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

வாசலில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கவிடச் சொன்னேன். காலையில் பெற்றோர் ஒரு வரி: ராத்திரி எப்படி, என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு. சாயங்காலம் மிஸ் ஒரு வரி: விழுந்தது, கடித்தது, சாப்பிடாதது. மருந்து வீட்டிலிருந்து பெயர் ஒட்டிய பாட்டிலில் மட்டும், கிரெச் அலமாரியில் சொந்தமாக ஒரு பாட்டிலும் கிடையாது. எழுதியதற்காக யாரையும் திட்டக் கூடாது, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று ஓனரிடமும் பேசி வாங்கினேன். முதல் இரண்டு வாரம் எல்லாரும் "நலம்" என்றே எழுதினார்கள், கடிதம் போடுவது போல.

போன மாதம் புரட்டினேன். அந்தப் பையனின் அம்மா எழுதியிருந்தது: "காய்ச்சல் இல்லை. மருந்து இல்லை. நேற்று ராத்திரி இவன் கையில் இருந்த ஒரு ரூபாய்க் காசைக் காணோம்." சாமர்த்தியமான மிஸ், தொண்டையில் நின்றிருக்குமோ என்று உடனே எக்ஸ்ரேவுக்கு அனுப்பியிருக்கிறார். காசு வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. மூன்று நாள் கழித்து அதே நோட்டில் ஆயாம்மாவின் எழுத்து: "காசு வந்துவிட்டது."