ஃப்யூல் பம்ப் மாற்றும் முன் கனெக்டரைப் பாருங்கள்

பழைய பெட்ரோல் கார் சூடேறியதும் அணைகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. மேடேறும்போது இழுவை இல்லை. இதைக் கேட்டதுமே டேங்குக்குள் இருந்து பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் ஃப்யூல் பம்ப் போச்சு என்பார்கள். பல சமயம் அது சரிதான். ஆனால் ஏன் போனது என்று பார்க்காமல் புதுசு போட்டால், அதுவும் சீக்கிரம் போகும்.

இன்ஜெக்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் இரண்டு நொடி முனகல் கேட்கும். கேட்கவில்லையா? ஃப்யூஸ், ரிலே இரண்டையும் முதலில் பாருங்கள். அடுத்து, பம்ப் ஓடும்போதே அதன் வயர் வந்து சேரும் கனெக்டரில் வோல்டேஜை அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி அளந்து பயனில்லை. லோடு இல்லாதபோது துருப்பிடித்த ஒற்றை இழை வயர்கூட முழு 12 வோல்ட் காட்டும். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரையும் எர்த்தையும் தேடுங்கள் (பம்ப்பை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டும் சில மாடல்களுக்கு இது பொருந்தாது). பெட்ரோல் லைனில் இருக்கும் பிரஷர், மாடலைப் பொறுத்து பெரும்பாலும் 2.5 முதல் 4 பார் வரை இருக்கும்; சரியான அளவை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் வேண்டாம். பம்ப் ஃப்யூஸை உருவிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் லைனில் உள்ள பிரஷர் இறங்கும். வண்டியே ஸ்டார்ட் ஆகாவிட்டால் பைப் மேல் துணி சுற்றி மெல்ல இளக்குங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தொங்கவிடும் கண்ணாடி பல்பு கூடவே கூடாது, உடைந்தால் தீதான். டேங்கின் மேல் பம்ப்பை மூடியிருக்கும் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்காமல் திறந்தால் அத்தனையும் டேங்குக்குள் விழும். மூடியை இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங்கைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டுங்கள். இரும்பு பொறி பறக்கவைக்கும்.

இப்போது மூடியில் உள்ள கனெக்டரைப் பாருங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகியிருந்தால் அங்கே பிடிப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. பம்ப்பை மட்டும் மாற்றினால் அதே பின் மறுபடி உருகும். இரண்டு பக்கக் கனெக்டரையும் மாற்றுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது ஹோஸ்தான். டேங்குக்குள் முங்கிக் கிடக்கும் ஹோஸ் (ரப்பர் குழாய்) எஸ்ஏஇ ஜே30 ஆர்10 (SAE J30 R10) என்ற தர வகையாக இருக்க வேண்டும். வெளியில் போடும் பெட்ரோல் ஹோஸின் மேலுறை பெட்ரோலில் ஊறிக் கிடக்கச் செய்யப்பட்டதல்ல, உப்பி, பிளந்துவிடும். கசிவது டேங்குக்குள்ளேயே என்பதால் வாசனையும் வராது, சொட்டும் தெரியாது. பிரஷர் மட்டும் விழும். பழி புது பம்ப் மேல் போகும்.

பம்ப் பெட்ரோலை உறிஞ்சும் வாயில் உள்ள வலையைப் புதுசாகவே போடுங்கள். பழைய வலையில் துருத்தூள் அப்பியிருந்தால் டேங்கைக் கழுவாமல் மூடாதீர்கள். வெளி ஃபில்டரும் மாறட்டும். மிதவைக் கம்பி வளைந்தால் பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் பொய் சொல்லும், அலுங்காமல் இறக்குங்கள். மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான பழைய ஓ-ரிங் கழற்றியதும் உப்பிவிடும், பள்ளத்தில் உட்காராது. புதியதைப் பெட்ரோலில் நனைத்து வையுங்கள். கிரீஸ், சீலன்ட் வேண்டாம்.

பேட்டரியையும் ஃப்யூஸையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து அணைத்து, கசிவு பார்த்த பிறகு ஓட்டுங்கள். ஓ-ரிங் சரியாக உட்கார்ந்ததா என்பது டேங்க் நிரம்பினால்தான் தெரியும். முழுக்கப் பெட்ரோல் போட்டதும் மூடியை இன்னொரு தடவை பாருங்கள்.