அல்காரிதம் – படிமுறை

ஒரு கணக்கையோ வேலையையோ முடிக்க, எதற்குப் பின் எது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் வகுத்த படிகளின் வரிசைதான் அல்காரிதம். கணினி இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. மீப்பெரு பொது வகுத்தி காண பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் காட்டிய வழி, கணினிக்கு ஈராயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது.

சொல்லின் வேர் ஓர் ஆளின் ஊர்ப்பெயர். ஆரல் கடலுக்குத் தெற்கே இருந்த வட்டாரம் குவாரிசம். அந்தப் பக்கத்துக்காரர் என்று பொருள்படும் அல்-குவாரிஸ்மி, 9ஆம் நூற்றாண்டு பாக்தாதின் கணித அறிஞர். இந்திய எண்களால் கணக்கிடுவது பற்றி அவர் எழுதிய நூலின் அரபு மூலம் தொலைந்துபோனது; இலத்தீன் மொழிபெயர்ப்பு தங்கியது. “அல்கோரிஸ்மி சொன்னார்” என்றே அது தொடங்குகிறது. ஆளின் பெயர் முறையின் பெயராகிவிட்டது. இடையில் ஒட்டிய ‘த’ ஒலி, எண்ணைக் குறிக்கும் ‘அரித்மோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் சாயல்.

தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நெறிமுறை’ என்று இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. எத்திக்ஸ் (அறநெறி), புரோட்டோகால் (கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகள்) இரண்டுக்கும் இதே சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அல்காரிதத்துக்கு எத்திக்ஸ் வேண்டும் என்பதை “நெறிமுறைக்கு நெறிமுறை வேண்டும்” என்றா எழுதுவது? ‘வழிமுறை’ மிகவும் தளர்வு. ‘படிமுறை’ பொருந்துகிறது. படி என்றால், வைத்தவர் யார் என்ற கேள்வி கூடவே வரும்.

அந்தக் கேள்வி வீண் கேள்வி அல்ல. 2020இல் பெருந்தொற்றால் இங்கிலாந்தில் ஏ-லெவல் எனும் பள்ளி இறுதித் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் கணித்த கிரேடுகளை, பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சியை வைத்துத் திருத்தியது ஓர் அல்காரிதம். சுமார் 39 விழுக்காடு கிரேடுகள் இறங்கின. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் கணிப்பே நின்றது. அப்படிப்பட்ட வகுப்புகள் மிகுந்த தனியார் பள்ளிகளுக்கு அது தோதாகிப்போனது. மாணவர்கள் தெருவில் இறங்க, முடிவு வெளியான நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கியது. பிறகு பிரதமர் போரிஸ் ஜான்சன், திரிபடைந்த அல்காரிதத்தின் மேல் பழியைப் போட்டார். திரிபும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுதிக்கொடுத்த படிகளில் அது பிசகாமல் நடந்தது. பள்ளியின் பழைய கணக்கைப் பார் என்ற படியைச் சேர்த்தவர்கள் அதிகாரிகள்.

தேடல் படிமுறை, பரிந்துரைப் படிமுறை, தரவரிசைப் படிமுறை எனக் கூட்டுச்சொற்களும் இடறாமல் அமைகின்றன. ‘படிமுறைத் தீர்வு’ என்று நீட்டுவோரும் உண்டு. எல்லாப் படிகளும் தீர்வில் கொண்டுபோய் விடுவதில்லை. அந்த வால் வேண்டாம்.